மாடிப்படிக்குக் கீழே

மாசி பிறந்துவிட்டால் மரக்காணத்தில் விடிவதற்கு முன்பே அளத்தில் உப்பு வாரத் தொடங்கிவிடுவார்கள். பலகை பாத்தித் தரையை உரசுகிற சத்தம் காற்றோடு வரும். எங்கள் கல்லூரி லேடீஸ் ரூம் கதவும் அப்படித்தான் தரையில் இழுபடும். முப்பது வருஷமாகியும் இரண்டையும் என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

நான் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்புவரை அது ஆண்கள் கல்லூரி. மாடிப்படிக்குக் கீழே வாலிபால் வலை போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெஞ்சு, ஒரு மண்பானை, ரசம் போன கண்ணாடி. பதினோரு பேர். அங்கேதான் மாணவியர் மன்றம் கூடும். தலைவி, செயலாளர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. முதல் தீர்மானம், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். அது வர ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்தது எனக்காக: மரக்காணம் பஸ் போய்விடும், ஸ்பெஷல் கிளாஸை நாலு மணிக்குள் முடிக்க வேண்டும்.

கூட்டம் என்றால் மாங்காயும் உண்டு. கல்லுப்பு என் பொறுப்பு. தாளில் மடித்துக் கொண்டுபோவேன். "அளத்துக்காரி வந்தாச்சு, ஆரம்பிக்கலாமாடி?" என்பாள் தலைவி.

ஒரு கூட்டத்தில் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினேன். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவர் சேர்ந்தது 1904இல். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண், நடுவில் திரை வேறு. மாங்காய் தின்ன அவருக்கு யார் இருந்தார்கள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்த லலிதாவுக்கும் முதலில் அதே தனிமைதான். பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் கொடுத்த பிறகு லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் எழுத வேண்டியிருந்ததாம். 1965இல் லலிதா லண்டனில் உள்ள பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். சங்கம் என்ற ஒன்றின் அருமை, தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் சான்றிதழ் வேலையாகக் கல்லூரிக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் பெண் பிள்ளைகள். மரத்தடி, கேன்டீன், படிக்கட்டு, எல்லாமே அவர்கள் இடம். சந்தோஷம்தான். அந்த அறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. கதவும் புதுசு.

ஸ்டாம்ப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தீர்மான நோட்டு யாரிடம் என்று தெரியவில்லை. அந்தப் பதினோரு பேரில் யாராவது இதைப் படித்தால், பரணில் ஒருதரம் தேடிப் பாருங்களடி.