உப்புத் தண்ணியும் வெந்நீரும்

அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பிலும் நியாயம் உண்டு. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரே கைவைக்க முடியாமல் சுடும். ஆனால் மார்கழிப் பனியில் கரிசல்காட்டு விடியலைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். மூட்டுவலிக்காரரோ பிள்ளை பெற்ற பெண்ணோ இருக்கிற வீட்டில் வெந்நீர் வருஷம் முழுக்க வேண்டும். ஹீட்டர் மட்டும், சொல்லிவைத்தாற்போல, மார்கழியில்தான் படுக்கும்.

எங்கள் வீட்டு ஹீட்டர் திடுதிப்பென்று நின்றுவிடவில்லை. முதலில் தண்ணீர் சூடேற வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. பிறகு உள்ளே கடலை வறுப்பதுபோலப் படபடவென்று ஒரு சத்தம். கடைசியில் சுவிட்சைப் போட்டாலே மெயின் ட்ரிப் ஆனது.

வந்த எலெக்ட்ரீசியன் தம்பி மெயினை அணைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். காயிலின் இரு முனையிலும் மீட்டரை வைத்தார். 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயில் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. அடுத்து ஒரு முனையிலும் தொட்டியின் உடம்பிலுமாக வைத்தார். அங்கே முள் அசையவே கூடாது. அசைந்தது.

"காயில் அறுகல அண்ணாச்சி. மேல் குழாய் வெடிச்சு உள்ள தண்ணி ஏறிருக்கு. போர்த்தண்ணியா?"

ஆமாம் என்றேன். தண்ணீரை வடித்து, அடித்தட்டின் போல்ட்டைக் கழற்றிக் காயிலை உருவினார். விரல் பருமனில் இருக்கவேண்டியது, வெள்ளைப் பொருக்குக் கட்டி மூன்று மடங்கு தடித்திருந்தது. தொட்டியின் அடியிலிருந்து சில்லுச் சில்லாக வாளியில் கொட்டியது. ஒரு சில்லின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்; சுரீரென்று நுரைத்தது. சுண்ணாம்பு உப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த வறட்சிச் சீமையில், அருப்புக்கோட்டையானாலும் குண்டாற்றங்கரைத் திருச்சுழியானாலும், வீட்டில் தண்ணீர் இரண்டு வகை: குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். சூடு கூடக்கூடப் படிவும் கூடும். தண்ணீரிலேயே அதிகம் சுடுகிற இடம் காயில்தான் என்பதால் பொருக்கும் முதலில் அங்கேதான் பிடிக்கிறது. பொருக்கு சூட்டை எளிதில் வெளியே விடாது; தண்ணீர் ஆறிக் கிடக்க, காயில் உள்ளுக்குள் வெந்து வெடிக்கிறது. படபடச் சத்தம், பொருக்குக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம்.

கெட்டது காயில் என்றாலும் கோளாறு தண்ணீரில். காயிலை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவர் அதை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

பாட்டி காலத்துச் செம்பு பாய்லரும் இதே உப்புத் தண்ணியைத்தான் குடித்தது. நடுக்குழாயில் கரியோ வேலிக்கருவைக் குச்சியோ எரியும், சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும், ஊற்றாமல் வராது. அதனால் அது சாமானியத்தில் வறண்டு கருகாது. அதற்கும் பொருக்குப் பிடித்தது. ஆனால் நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்தது வெறும் செம்புத் தகடு. வெடிக்கக் காயிலும் இல்லை, கசியக் கரண்டும் இல்லை. விறகு கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

ஆலைக்காரர்களுக்கு இது பழைய பாடம். நீராவி பாய்லருக்கு நம் நாட்டில் 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்காமல் எந்த ஆலையும் பாய்லருக்குள் விடுவதில்லை. இந்த ஊர்ச் சாயப்பட்டறைக்காரரைக் கேட்டாலும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் நூலுக்குச் சாயம் சீராக ஏறாது என்று சொல்வார். வீட்டுக்குள் வந்ததும்தான் அந்தக் கேள்வி மறந்துபோகிறது. ஹீட்டர் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்று கேட்கிறோம். எந்தத் தண்ணீருக்கு என்று கேட்பதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. நம் போர்த்தண்ணி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அதற்குத் தகுந்தாற்போல் நடக்க வேண்டியதுதான். தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகாமல் ஐம்பது டிகிரியை ஒட்டி வைத்தால் படிவு குறையும். கார்த்திகையிலேயே ஆளைக் கூப்பிட்டுக் காயிலை உருவி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவலாம். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப்போகிற மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றலாம். பிரஷர் வால்வை மட்டும் பார்க்காமல் விடக்கூடாது. உப்பு அடைத்து அது இறுகிப்போனால் தொட்டியே வெடிக்கக்கூடும்.

காயில் மாற்றிய பிறகு தம்பி சொன்னார்: "அடுத்த வருஷம் சத்தம் வர்றதுக்கு முன்னாடி கூப்பிடுங்க." கம்பெனி தருகிற வாரண்டி அட்டையைவிட இந்த ஊருக்கு அதுதான் பொருந்தும்.