களவெட்டி ஓரத்தில்

பழைய ட்ரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, பன்னிரண்டு வயதில் நான் கீறிய சித்திரமொன்று அகப்பட்டது. 1976 ஆம் ஆண்டு. வர்ணம் மங்கிவிட்டது, ஆனாலும் களவெட்டி தெரிகிறது. நடுவே எருமைகள் சூடு மிதிக்கின்றன. வாப்பா வைக்கோலைப் புரட்டுகிறார். சூட்டின் மேல் நான். ஒருவருக்கும் முகமில்லை. உயிருள்ளவற்றுக்கு முகம் கீறக்கூடாதென்று உம்மா தடுத்திருந்தார்.

பேத்தி படத்தின் மூலையைத் தொட்டாள்.

"இவங்க ஆரு மூத்தாப்பா? என்னத்துக்கு நிக்காங்க?"

ஓலைப்பெட்டியோடும் சுளகோடும் நான்கு பெண்கள். ஊரின் ஏழைகள், இருவர் விதவைகள். தூற்றிப் பொலி குவிந்ததும் வாப்பா மரைக்காலால் முதலில் அவர்களுக்குத்தான் அளப்பார். நெல் வீட்டுக்குப் போவது அதன் பிறகே. விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடும்படி சூறா அன்ஆமில் வருகிறது. மழையில் விளைந்தால் பத்திலொன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதிலொன்று என்ற கணக்கை நான் மத்ரஸாவில் அல்ல, களவெட்டியில்தான் படித்தேன்.

எங்கள் வட்டை, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரில் விளைவது. எருமை போய் உழவு மெசின் சூடு மிதித்தது. இப்போது அறுவடை மெசின். வெட்டி, அடித்து, தூற்றி, ஒரே ஓட்டத்தில் நெல்லைக் கொட்டிவிடுகிறது. ஈரநெல்லை வரம்படியிலேயே வியாபாரி நிறுத்து ஏற்றிப் போகிறார். களவெட்டி இருந்த இடத்திலும் இன்று வேளாண்மை.

மெசினைக் குறை சொல்ல நான் ஆளில்லை. வெட்ட ஆள் கிடைப்பதில்லை, மழை காத்திருப்பதுமில்லை. 2021 இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து கடன் ஏறியபோது கூலி மிச்சமானதே ஆறுதல். ஸகாத்தையும் நான் தவறவிட்டதில்லை. நெல் விற்ற காசில் கணக்குப் பார்த்துப் பள்ளிவாசலில் ஒப்படைக்கிறேன். யார் கைக்குப் போகிறதென்று கேட்டதில்லை.

அடுத்த போகத்தில் இரண்டு மூட்டை நெல்லை வரம்பிலேயே இறக்கி வைத்தேன். அஸர் வரை இருந்தும் ஒருவரும் வரவில்லை. மெசின் எப்போது வரும், எந்த வயலில் இறங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு, அந்த நால்வரில் ஒருவருடைய மகளின் வீட்டைத் தேடிப் போனேன். பிறந்து வளர்ந்த ஊரில், இரண்டு இடத்தில் வழி விசாரிக்க வேண்டியிருந்தது.