ரெண்டு பச்சை லைட்டும் ஒரு பென் டிரைவும்!

உங்க வீட்டு ஹார்டு டிஸ்க் இப்ப எங்க இருக்கு பாஸ்? டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாலயா, பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியிலயா, இல்ல ஹாஸ்டல்ல கட்டிலுக்குக் கீழயா? எங்க வேணாலும் இருக்கட்டும். என் சோகக் கதையைக் கேட்டுட்டுப் போய், அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

எங்க ஊர் திருநெல்வேலி. பெரியப்பா 1983-ல மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அப்ப வீட்டுல போன் கிடையாது. கடிதம் எழுத ஆச்சிக்கு எழுத்து தெரியாது. அதனால டேப் ரெக்கார்டர் முன்னால உட்கார்ந்து பேசி, கேசட்டை ஊருக்கு வந்து போறவங்க கையில குடுத்து அனுப்புவாங்களாம். கல்ஃபுக்கு ஆள் போன வீட்டுல எல்லாம் இந்தக் கதை இருக்கும், கேட்டுப் பாருங்க. "ராசா, நேரத்துக்குச் சாப்புடுதியா? இங்கன சொட்டு மழை இல்ல..." என்று ஆரம்பிப்பாங்க ஆச்சி. நடுவுல ஏழாங்கிளாஸ் படிக்கிற எங்கப்பா புகுந்து, "அண்ணே, வரும்போது வாக்மேன்!" என்று கத்துவார். பின்னணியில சேவல் கூவும். மொத்தம் 11 கேசட்.

பெரியப்பா திரும்பி வந்தப்ப அதையெல்லாம் பத்திரமா கொண்டு வந்துட்டார். 2023-ல ப்ளஸ் டூ லீவுல நான் பழைய டேப் ரெக்கார்டரை லேப்டாப்போட இணைச்சு, 11 கேசட்டையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினேன். ஒரு மணி நேர கேசட் ஒண்ணு சுமார் 600 எம்.பி. எல்லாம் சேர்த்து ஏழு ஜி.பி-கூட வரலை. ஒரு சினிமா சைஸ்தான். ஆனா அதுக்குள்ள எங்க குடும்பமே இருந்தது.

அதே வருஷம் டிசம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்த கதை உங்களுக்கே தெரியும். ஜங்ஷன் பக்கத்துல எங்க வீடு. பீரோவோட கீழ்த்தட்டுல இருந்த கேசட் எல்லாம் சேறா போச்சு. "கவலைப்படாதீங்கப்பா, எல்லாம் என் டிஸ்க்ல இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எஞ்சினீயரிங் படிக்கிற பையன் இல்லையா?

அடுத்த வருஷம் ஹாஸ்டல்ல அந்த டிஸ்க் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துச் சொருகினா 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நீங்க கேட்கவே கூடாதுன்னு வேண்டிக்கிறேன். உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற தட்டு, அதுக்கு மேல மயிரிழையைவிடக் குறைவான இடைவெளியில மிதக்கிற ஹெட். ஒரு அடி பட்டாலே சங்குதான். நல்லவேளை, ஆச்சி குரல் லேப்டாப்லயும் இருந்தது. போனது என் செமஸ்டர் புராஜெக்ட் மட்டும்தான்.

அப்பா மிரண்டுட்டார். "நல்லதா ஒண்ணு வாங்குலே. காசு நான் தாரேன்."

ஆரம்பிச்சது ஆராய்ச்சி! 'ரெய்டு' என்று ஒரு சமாச்சாரம். வருமான வரி ரெய்டு இல்லைங்க. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி வேலை வாங்குறது. 1988-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துல டேவிட் பேட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி கேட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரையில வந்த பேர். விலை கூடின ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான டிஸ்க் பலதை அடுக்கினா என்ன என்பதுதான் கேள்வி. டிஸ்க் எண்ணிக்கை கூடக் கூட ஏதாவது ஒண்ணு படுத்துடும் வாய்ப்பும் கூடுமே? அதைச் சமாளிக்கத்தான் விதவிதமான ரெய்டு.

ரெய்டு 0: டேட்டாவைப் பங்கு போட்டு ரெண்டு டிஸ்க்லயும் எழுதும். வேகம் செம! ஆனா ஒண்ணு போனா மொத்தமும் காலி. பாதுகாப்பு பூஜ்ஜியம் என்பதைப் பேர்லயே சொல்லிட்டாங்க. ரெய்டு 1: ஒண்ணுல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும், கண்ணாடி மாதிரி. ரெண்டு டிஸ்க் காசு, ஒரு டிஸ்க் இடம். ரெய்டு 5: குறைஞ்சது மூணு டிஸ்க் வேணும். டிஜிட்டல் பேப்பர்ல மனப்பாடம் பண்ணினோமே எக்ஸார் கேட், அந்தக் கணக்குதான். எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் மத்ததை வெச்சு அதுல இருந்ததைக் கண்டுபிடிச்சிடலாம். அந்த கேட் வாழ்க்கையில உதவுறதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு ரெய்டு 1 போதும் என்று முடிவு பண்ணி, ரெண்டு டிஸ்க் போடுற பெட்டி ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் சொல்லாத, நான் தேடிக் கண்டுபிடிச்ச சில விஷயங்கள் உங்களுக்கும் உதவும்.

ஒண்ணு, டிஸ்க் வகை. 'எஸ்.எம்.ஆர்.' வகையில தடங்களை ஓட்டு வீட்டுல ஓடு மேல ஓடு ஏத்தி வைக்கிற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிய வெச்சிருப்பாங்க. ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் கலைக்கணும் இல்லையா? அதனால நிறைய எழுதும்போது திணறும். டிஸ்க் செத்து, புதுசு போட்டு நிரப்புற நேரத்துல இது பெரிய தலைவலி. அதனால 'சி.எம்.ஆர்.' என்று கேட்டு வாங்குங்க. 2020-ல, இப்படிப் பல டிஸ்க் பெட்டிகளுக்கென்றே விற்ற சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பதைச் சொல்லாமலே விற்றது வெளியே வந்து பெரிய சண்டையே நடந்தது.

ரெண்டு, பெட்டியே செத்தா என்ன ஆகும்? சில பெட்டிகள் தனக்கு மட்டும் புரியுற பாஷையில எழுதி வைக்கும். பெட்டி போச்சுன்னா, டிஸ்க் நல்லா இருந்தும் படிக்க முடியாது. கழட்டித் தனியா சொருகினா படிக்க முடியுமா என்று கேட்டுட்டு வாங்குங்க.

மூணு, கரன்ட். ரெண்டு டிஸ்க்லயும் எழுதிட்டு இருக்கும்போது பட்டுன்னு போனா, ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல வேறொண்ணு என்று நின்னுடலாம். நம்ம ஊருக்குச் சின்ன யு.பி.எஸ். கட்டாயம்.

எல்லாம் பண்ணினேன் மக்களே! ஆச்சி குரலைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டு, இடம் பத்தலைன்னு லேப்டாப்ல இருந்ததை அழிச்சுட்டேன். முன்பக்கம் ரெண்டு பச்சை லைட். அப்பா தினம் அதைப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போவார்.

அப்புறம் ஒரு லீவு நாள். அக்கா கல்யாண வீடியோவை ஏத்தணும். பெட்டியில 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்று ஏகப்பட்ட குப்பை. மொத்தமா செலக்ட் பண்ணி, ஷிஃப்ட்டோட டெலீட். அதுக்கு மேல 300 ஜி.பி. வீடியோ.

ரெண்டு வாரம் கழிச்சு ஆச்சி திதி. சாப்பிட்டு முடிச்சு அப்பா சொன்னார், "ஏல, அம்மா பேசுதது ஒண்ணைப் போடு."

தேடினேன். மறுபடியும் தேடினேன். அந்தக் கேசட் ஃபோல்டருக்கு நான் பேரே வெச்சிருக்கலை!

கண்ணாடி முன்னால நின்னு கையைக் கீறிக்கிட்டா, கண்ணாடியில இருக்கிற ஆளுக்கும் கீறல் விழும்தானே? ரெய்டு 1 அதைத்தான் பண்ணியிருந்தது. நான் அழிச்சதை ரெண்டு டிஸ்க்லயும் விசுவாசமா அழிச்சிருந்தது. மீட்கிற சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். பேர் மட்டும் வந்தது, குரல் வரலை. முன்னால ரெண்டு பச்சை லைட்டும் ஜம்முனு எரிஞ்சுது. அப்பா ஒண்ணுமே சொல்லலை. திண்ணையில போய் உட்கார்ந்துட்டார். திட்டியிருந்தா தேவலை.

அழாத குறையா கோயம்புத்தூர் அத்தைக்கு போன் பண்ணினேன். "ஏ மருமவனே, போன பொங்கலுக்கு கார்ல கேக்கதுக்குன்னு பென் டிரைவ்ல போட்டுத் தந்தியே, அது இங்கன கெடக்குல்லா!"

எனக்கு உயிர் வந்தது. அத்தை நச்சரிச்சதால முணுமுணுத்துக்கிட்டே எம்.பி.3-யா மாத்திக் குடுத்தது. அப்ப சோம்பேறித்தனத்துல கடைசி ரெண்டு கேசட்டை மாத்தாம, 'இது போதும் அத்தை' என்று விட்டுட்டேன். ஆக, 11-ல 9 திரும்பி வந்தது. பெரியப்பா ஊர் திரும்பப் போறார்னு தெரிஞ்சு ஆச்சி சந்தோஷமா பேசின கடைசி ரெண்டும் போனது போனதுதான்.

இதுல நான் தனி ஆள் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். 1998-ல பிக்ஸார்ல 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்தப்ப, யாரோ குடுத்த ஒரு டெலீட் கட்டளையில படத்தோட பெரும்பகுதி காணாம போச்சு. பேக்கப்பைத் திறந்தா, அது ஒழுங்கா வேலையே செய்யலை. குழந்தை பிறந்து வீட்டுலயிருந்து வேலை பார்த்துட்டிருந்த கேலின் சஸ்மன் தன் வீட்டு கம்ப்யூட்டர்ல வெச்சிருந்த பிரதிதான் படத்தைக் காப்பாத்துச்சு. அவங்களுக்கு ஒரு சஸ்மன், எனக்கு ஒரு அத்தை!

பீட்டர் க்ரோ என்கிற போட்டோகிராஃபர் பிரபலமாக்கின '3-2-1' கணக்கை இப்ப சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன். பிரதி மூணு, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. பெட்டி வீட்டுல இருக்கு. மாசம் ஒரு தடவை தனி டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி பீரோவோட மேல்தட்டுல வைக்கிறேன். கழட்டுறது முக்கியம். 2017-ல வந்த வானாக்ரை மாதிரி வைரஸ், சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். மூணாவது பிரதி அத்தை வீட்டுல. தாமிரபரணி கோயம்புத்தூர் வரைக்கும் வராது இல்லையா?

பெட்டி வாங்கினது தப்பில்லை. டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓட அது வேணும். ஆனா நம்ம விரல் செய்யுற தப்புலயிருந்து நம்மைக் காப்பாத்துறது அது வேலை இல்லை. அந்த வித்தியாசம் தெரியாம பச்சை லைட்டை நம்பினது என் தப்பு.

போன வாரம் அப்பா மறுபடியும் கேட்டார். போட்டேன். சேவல் கூவுச்சு. "அண்ணே, வரும்போது வாக்மேன்!" அம்பது வயசைத் தாண்டின மனுஷன், தன்னோட ஏழாங்கிளாஸ் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிச்சார்.

சரி, போங்க. லைட் எரியுதான்னு பார்க்காதீங்க. உள்ளே போய் ஒரு ஃபைலைத் திறந்து, ஓடுதான்னு பாருங்க. அப்படியே உங்க அத்தைக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க. முழுசா!