தேரைக்கு ஒரு வீடு

சென்ற கார்த்திகையில் அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுது. எமது கிணற்றடித் தொட்டியின் உட்சுவரிலே, நீர்மட்டத்திற்கு ஒரு சாண் மேலே, சவர்க்கார நுரை போன்ற வெண்ணிறப் பந்தொன்று ஒட்டியிருந்தது. தும்புத்தடியும் கையுமாய்ப் போன நாம் அதைத் தட்டிவிட எத்தனித்த வேளை, எட்டு வயதுப் பேரன் ஓடிவந்து, "அப்பப்பா, கழுவாதேங்கோ! அதுக்குள்ளை தேரையின்ரை முட்டை இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் சொன்னது சரியே. குளியலறைச் சுவரில் இரவிலே வந்து ஒட்டிக்கொள்ளும் மரத்தவளை, நீருக்கு மேலாக நுரைக்கூடு அமைத்து அதனுள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. சில நாட்களில் நுரை இளக, வாற்பேத்தைகள் நீரினுள் விழுகின்றன. அவ்வாறு விழுந்தவற்றுள் பத்தை வீட்டினுள் வைத்து வளர்க்கவேண்டுமென்று பையன் அடம்பிடித்தான். நாம் உடனே இணங்கவில்லை, அதற்கொரு காரணமிருந்தது.

அவன் வயதில் நாமும் ஒரு தேரையை வளர்த்தோம். ஹோர்லிக்ஸ் போத்தலின் மூடியில் ஆணியால் ஐந்தாறு துளையிட்டு, அடியில் இரண்டு பச்சிலையும் போட்டு, விறாந்தைக் கட்டிலே வைத்தோம். காற்றுக்கு வழி செய்தாயிற்று, இனி என்ன குறை என்பது எமது எண்ணம். மறுநாட் பகல் பாடசாலையால் வந்து பார்த்தபோது அது காய்ந்த தோலாய்க் கிடந்தது. தவளையினம் வாயால் நீர் அருந்துவதில்லை, தோலாலேயே உறிஞ்சுகிறது என்பதும், மூச்சிலும் ஒரு பங்கு ஈரத்தோலின் வழியே நடைபெறுகிறது என்பதும், வெயில் பட்ட கண்ணாடி அடுப்பாகிவிடும் என்பதும் அன்று எமக்குத் தெரியாது. ஆச்சி ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்போம்.

ஆதலால் இம்முறை வீட்டைக் கட்டிய பின்னரே குடிகளை அழைத்தோம். மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டி, இரண்டடி நீளம், ஒன்றரையடி உயரம். வெயில் எட்டாத வடக்கு யன்னலோரம் அதற்கு இடம். ஒரு பக்கத்தில் மூன்றங்குல ஆழத்திற்குக் கிணற்று நீர். (குழாய் நீராயின் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின்பே ஊற்றவேண்டும்.) மறுபக்கத்தில் உரமும் கிருமிநாசினியும் படாத மண், அதன்மேல் ஈரத் தும்புத்தூள். இரண்டுக்கும் நடுவே சரிவாக ஒரு கல். இந்தக் கல்லை மறந்தால் மற்றெல்லாம் வீண். முன்கால்கள் தோன்றி வால் சுருங்குங் காலத்தில், கரையேற வழியில்லாத குஞ்சு நீரிலேயே மூழ்கி இறந்துவிடும். ஏறும் சாதியாகையால் இரண்டு கொப்புகளையும் சாய்த்து வைத்தோம். மூடிக்குக் கம்பிவலை ஆகாது, மூக்கு உரசிப் புண்ணாகும். பழைய நுளம்பு வலையே போதும்.

வாற்பேத்தைகளுக்கு அவித்த கீரை. கரையேறிய குஞ்சுகளோ அசையாத எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கனிந்த வாழைப்பழத் தோலை உள்ளே இட்டு, அதில் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களையே இரையாக்கினோம். அதற்காக வீட்டிலே கேட்ட ஏச்சை இங்கு எழுதுவதற்கில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம். பத்தில் இரண்டு இறந்தன. ஏனென்று பையன் கேட்டான், எம்மால் கூற முடியவில்லை. மிகுதி எட்டையும் தை மாதத்து மாலையொன்றில் கிணற்றடி வாழைகளின் கீழ் அவனே விட்டான். வேறோர் இடத்தில் விட நாம் சம்மதிக்கவில்லை. இடம் மாறும் தவளையோடு நோயும் இடம் மாறும். 1999இல் பெயரிடப்பட்ட ஒருவகைத் தோற்பூஞ்சணம் அவ்விதம் பரவி உலகின் பல நாடுகளில் தவளைகளை அழித்திருக்கிறது.

ஏழு குஞ்சுகள் இலைக்குள் மறைந்துவிட்டன. ஒன்று மாத்திரம் பையனின் நனைந்த புறங்கையில் நெடுநேரம் ஒட்டியிருந்தது. அவன் கையை அசைக்காமலே நின்றான். இருட்டியபின் அதுவும் தாவிற்று.

கிணற்றடித் தொட்டியை நாம் இன்னமும் கழுவவில்லை.