காட்டு வழியும் கடல் வழியும்

காரில் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதில் தனிச் சுகம் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் சந்தை ஊர்களையும் இடிந்த கோட்டைகளையும் கண்டபடி போகும் பயணம் அதற்குப் பேர்போனது. நம் அந்தமானிலும் அப்படியொரு சாலை உண்டு. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தொடங்கி, பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியாக வடக்கே திக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடு. ஆனால் ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை ஏறத்தாழ 50 கி.மீ. ஜாரவாப் பழங்குடியினரின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. சுற்றுலாப் பயணிகள் இந்தத் துண்டில் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். யார்க்‌ஷயர் கிராமத்துக்காரருக்கு வண்டிகள் தொல்லையானால், ஊர் மன்றத்தில் முறையிடலாம். வருகிறவரிடம் ரொட்டி விற்றுக் காசும் பார்க்கலாம். பார்க்கப்படுகிறவர் கையில் கொஞ்சமேனும் அதிகாரம் இருப்பதால்தான் அங்கே பார்ப்பது குற்றமாவதில்லை. ஜாரவாக்களுக்கு அந்த அதிகாரம் எங்கே?

அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை என்று யாரும் கூற முடியாது. 1970களில் மரங்களை வெட்டிச் சாலை போட்டபோது அம்பெய்து தடுத்தார்கள்; ஆயுதக் காவலோடுதான் வேலை நடந்தது. 1957இலேயே அது அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட காடு. 1997இன் இறுதியில் அவர்கள் அம்பில்லாமல் வெளியே வரத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. இதன் பொருள் தெரிய வேண்டுமானால் அந்தமானின் இன்னொரு பழங்குடியான கிரேட் அந்தமானியரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1858இல் பிரிட்டிஷார் கைதிக் குடியிருப்பை நிறுவியபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், நோய்களாலும் குடியேற்றத்தாலும் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தார்கள். 2011இல் ஜாரவாக்கள் சுமார் 380 பேர். இந்தத் துண்டில் வண்டிகளைக் காவலோடு வரிசையாகத்தான் விடுகிறார்கள்; அப்படியொரு கான்வாயில் போகும் பயணிகளே அதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

2002இல் உச்ச நீதிமன்றம் காப்புக்காட்டுக்குள் இருக்கும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. மூடவில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைக்கும் காணொளியை லண்டனின் அப்சர்வர் இதழ் வெளியிட்டது, நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளுக்கு நீதிமன்றம் விதித்த தடை மார்ச்சிலேயே விலகியது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் தரக் கூடாது என்று செக்போஸ்டில் சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல விதிகள்தாம். ஆனால் பாராடாங்கின் சுண்ணாம்புக்கல் குகைக்கென்று கிளம்புகிறவர்களில் பலர் வழியெல்லாம் மரங்களுக்கிடையே மனிதரைத் தேடிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தேடலை எந்த விதி தடுக்கும்?

சாலையை மூடினால் ரங்கத்திலும் திக்லிபூரிலும் வாழ்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு மதிப்பளிக்க வேண்டும். வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்கள், ராஞ்சிக்காரர்கள், நம் தமிழர்கள் எனப் பலரும் அரசு கூப்பிட்டுக் குடியமர்த்தியதாலோ பிழைப்பைத் தேடியோ வந்தவர்கள். பெரிய மருத்துவமனைக்கு அவர்கள் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். ஆகவே நோயாளியையும் சுற்றுலாப் பயணியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னவருக்கு வேறு வழி உறுதியாகும்வரை சாலை இருக்கட்டும். பின்னவருக்குக் கடல் இருக்கிறது. 2017இல் பாராடாங்குக்குக் கடல்வழிப் பயணம் தொடங்கியது. அதன் பிறகும் சுற்றுலா வண்டிகள் கான்வாயில் போவது நிற்கவில்லை. கடலில் நேரம் கூடும், மழைக்காலத்தில் அலை எழும், செலவும் மிகும் என்பார்கள். உண்மைதான். அலை எழும் மாதங்களில் பாராடாங்கைத் தள்ளிப்போட்டால் பயணிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. படகோட்டிகளுக்கும் சாப்பாட்டுக்கடைக்காரர்களுக்கும் பிழைப்புக் கெடாதபடி கப்பல் கட்டணத்தில் அரசு மானியம் தரட்டும்.

ஜாரவாக்களே சாலைக்கு வருகிறார்களே, அவர்களும் நம்மோடு கலக்க வேண்டாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கலப்பதா, எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். வண்டி ஜன்னல் வழியே வீசிய பிஸ்கட்டுக்கும் புகையிலைக்கும் பழகிய பிள்ளை சாலையோரம் நிற்பதை அந்த முடிவாகக் கொள்ள முடியாது.

காரோட்டும் சுகம் வேண்டுமா, பாராடாங்குக்கு வடக்கே அதற்குக் குறைவே இல்லை. ரங்கத் கடைத்தெருவில் தமிழ் கேட்கும். தனிநல்லாவில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடக்கலாம். மாயாபந்தர் பக்கம் வேபியில், 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் ஊர். ஆஸ்டின் ஜலசந்திப் பாலத்தைத் தாண்டினால் திக்லிபூரின் வயல்களும், அந்தமானிலேயே உயரமான சாடில் பீக்கும். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத்துக்கும் திக்லிபூருக்கும் கப்பல் போகிறது. இறங்கிய இடத்தில் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம்.