பதமா, கண்ணேறா?

அதிரசம் எண்ணெயில் பிரிந்தால், "யார் கண் பட்டதோ!" என்கிறார்கள். சீடை வெடித்தாலும் அதே பேச்சு. அந்தக் கண் பெரும்பாலும் கைம்பெண்ணின் கண்ணாகவே இருந்துவிடுகிறது, தோழர்களே! எங்கள் வீட்டில் அது அத்தையின் கண். மாவிடிக்க அவர் கை வேண்டும். அடுப்பேற்றியதும் அவர் கொல்லைக்குப் போய்விட வேண்டும்!

தங்கையின் வளைகாப்புக்கு அத்தையையே அடுப்பருகே அமர்த்தினேன். அம்மா முணுமுணுத்தார். ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலித்தோம். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அத்தை விரலால் திரட்டினார். இளகிய உருண்டையாய்த் திரண்டது. அதுதான் பதம். வரலாறு படித்த எனக்கு வெப்பமானி வேண்டியிருந்தது: செல்சியசில் 115 பாகை! பாகு இளம்பதத்தில் இறங்கினால் அதிரசம் எண்ணெயில் பிரியும், முற்றினால் கல்லாகும். சீடையை வெடிக்கச் செய்வதோ உள்ளே அடைபட்ட ஈரம். ஆவியாகி, வழியின்றிப் பிளக்கிறது. அத்தை ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தினார். ஒன்றும் வெடிக்கவில்லை.

பலகாரத்தை எல்லோரும் புகழ்ந்து உண்டனர். வளையல் அடுக்க மட்டும் அத்தையை எவரும் அழைக்கவில்லை. தங்கை எழுந்தாள், அடுப்படிக்கு நடந்தாள், அத்தையின் முன் கையை நீட்டினாள்.