நவிலுகோசு

பெங்களூரில் காய்கனிக்குப் பஞ்சமில்லை. கோலாரிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்திறங்குகின்றன. 1959-இல் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கமாகத் தோன்றிய ஹாப்காம்ஸின் கடைகள் இன்றும் பல பேட்டைகளில் உண்டு. ஆயினும் பிழைப்பை நாடி இங்கு வந்த நம்மவர் இல்லங்களில், காயை ஒதுக்கிவிட்டுத் தயிர்ச்சோற்றோடு எழுந்துவிடும் குழந்தைகள் பலர். என் ஆறு வயதுப் பேத்தியும் அவ்வினத்தவளே. மலச்சிக்கலால் அவள் அழுத இரவுகளில் வீட்டில் எவரும் உறங்கியதில்லை.

ஆறு முதல் ஒன்பது வயதுடைய குழந்தைக்கு நாளொன்றுக்கு 350 கிராம் காய்கனியேனும் வேண்டுமென்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இதைக் கேட்டு என் மருமகள் மலைத்துப்போனாள். காலையில் வாழைப்பழம், பள்ளிக்குக் கொய்யா, பகலில் கூட்டு, இரவில் பொரியல் என்று பகுத்துப் பார்த்தபின் மலைப்புத் தணிந்தது. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது என்றதும் வருந்தியவன் என் மகன்தான்!

புதிய காயைக் குழந்தை மறுப்பது இயல்பே. எட்டு முறை, பத்து முறை, சிலபோது பதினைந்து முறை சுவைத்த பின்னரே நாக்கு இணங்கும் என்பர் ஆராய்ந்தோர். நாமோ மூன்றாம் நாளே, "இவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அதட்டினால் வெறுப்பே வளரும். "கீரை தின்றால் மிட்டாய்" என்பதோ, கீரை ஒரு தண்டனையென்று நாமே ஒப்புக்கொள்வதாகும்.

கிருஷ்ணராஜேந்திரர் சந்தைக்கு ஒரு ஞாயிறன்று அவளை அழைத்துச் சென்றேன். காய்க்காரம்மாள் நூல்கோலைக் காட்டி, "நவிலுகோசு" என்றார். நவிலு என்றால் மயில் என்பதைப் பேத்தி பள்ளியிற் கற்றிருந்தாள். "மயில் கோசா, தாத்தா?" என்று வியந்து, தானே சுமந்து வந்தாள், கழுவினாள், பாட்டி அரிந்த பச்சைத் துண்டொன்றைக் கடித்தும் பார்த்தாள். மறுநாள் சாம்பாரிலும் அதைத் தேடினாள். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்னும் சௌசௌவை இவ்வூரார் 'சீமெ பதனெகாயி' என்று கடல் கடந்த சீமைக்கு அனுப்பிவிடுவதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பிலேயே அந்தக் காயும் உள்ளே சென்றது.

பாகற்காயை மட்டும் 'ஹாகலகாயி' என்று சொல்லக் கற்றாளே தவிர, உண்ணக் கற்கவில்லை. இதுவரை ஆறு முறை தட்டில் வைத்திருக்கிறோம்.